குடும்ப நலத் தொண்டைப் போற்றும் அஞ்சல்தலை: பதினாறு தாளில் காட்சித் தொகுப்பு அமைக்கும் முறை

குடும்பக் கட்டுப்பாட்டுப் பணியில் ஈடுபட்ட தொண்டு நிறுவனம் ஒன்றின் நினைவாக வெளியான அஞ்சல்தலை உங்கள் கையில் இருந்து, அதை மையமாக வைத்துப் பள்ளியிலோ மாவட்டக் கண்காட்சியிலோ ஒரு தொகுப்பை வைக்க நினைத்தால், இந்தக் குறிப்புகள் உங்களுக்கு உதவும். அந்தத் தலை எந்த நாட்டினுடையதாக இருந்தாலும் வழிமுறை ஒன்றுதான். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கு மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கும் பழைய வட ஆற்காட்டுப் பகுதியில் வாழ்பவர்களுக்கு எளிதில் கிடைக்கக்கூடிய பொருள்களைக் கொண்டே இதை விளக்குகிறேன்.

தொகுப்பைத் தொடங்கும் முன்பே ஒரு வேறுபாட்டை மனத்தில் உறுதியாக நிறுத்திக்கொள்ள வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு என்றதும் நம் ஊரில் எவருக்கும் நினைவுக்கு வருவது தலைகீழான சிவப்பு முக்கோணமும், சுவரில் எழுதப்பட்ட ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்ற வாசகமும்தான். அவை அரசின் பிரசாரம். தொண்டு நிறுவனத்தின் வேலை வேறு: ஒரு பெண்ணின் வீட்டு வாசலுக்குச் சென்று, அவளும் அவள் கணவனும் மாமியாரும் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லி, முடிவை அவர்களிடமே விட்டுவிட்டு வருவது. அரசு வெளியிட்ட தலைகள் ஏராளமாகக் கிடைப்பதாலும், தொண்டர்களின் வேலைக்குத் தடயம் அரிதாகவே கிடைப்பதாலும், கவனிக்காமல் விட்டால் பதினாறு தாளும் அரசுப் பிரசாரத்தின் கண்காட்சியாகவே முடிந்துவிடும். நினைவுத்தலை யாரைப் போற்றுகிறதோ அவர் தொகுப்பிலிருந்தே காணாமல் போய்விடுவார். கீழே சொல்லும் ஒவ்வொரு யோசனைக்கும் இந்த வேறுபாடே அடிப்படை.

எந்தப் பிரிவில் வைப்பது

கண்காட்சியில் தாள்களை வைக்கும் ஒரு சட்டகத்தில் பதினாறு ஏ4 தாள்கள் அடங்கும். முதன்முறையாகக் காட்சிக்கு வைப்பவருக்கு ஒரு சட்டகம் போதும். கருப்பொருள் பிரிவில் வைத்தால் அஞ்சல்தலை, அஞ்சல் முத்திரை, அஞ்சல் அட்டை, உள்நாட்டுக் கடிதம், முதல் நாள் உறை (தலை வெளியாகும் நாளிலேயே அதை ஒட்டி முத்திரையிட்ட உறை) போன்ற அஞ்சல் சார்ந்த பொருள்களை மட்டுமே ஒட்ட முடியும். திறந்த பிரிவில் வைத்தால் குறைந்தது பாதியளவு அஞ்சல் பொருளாக இருக்க வேண்டும். மீதி இடத்தில் துண்டறிக்கை, பழைய புகைப்படம், செய்தித்தாள் நறுக்கு, சுகாதார நிலையத்தின் அறிவிப்பு என்று பிற பொருள்களைச் சேர்க்கலாம். இந்தப் பொருளுக்குத் திறந்த பிரிவே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. தொண்டு நிறுவனங்களின் உழைப்பு துண்டறிக்கைகளிலும் கூட்ட அழைப்பிதழ்களிலும் பதிவாகியிருக்கிறதே தவிர, அஞ்சல்தலைகளில் அதிகம் பதிவாகவில்லை. கருப்பொருள் பிரிவின் கட்டுப்பாட்டுக்குள் நின்றால் அந்தச் சான்றுகளை எல்லாம் வெளியே விட்டுவிட நேரும்.

வரலாற்றைச் சொல்லும் முதல் தாள்கள்

முதல் தாளில் தலைப்பும், தொகுப்பு எதைச் சொல்ல வருகிறது என்ற நான்கைந்து வரிகளும், எந்தத் தாளில் எது உள்ளது என்ற சுருக்கமான திட்டமும் இடம்பெற வேண்டும். நினைவுத்தலையை இந்தத் தாளிலேயே ஒட்டிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒட்டாதீர்கள். அதன் கதை எந்த ஆண்டில் வருகிறதோ அந்த இடத்தில் வைத்தால்தான் பார்வையாளருக்கு அதன் கனம் புரியும்.

இரண்டாவது தாளைப் பிரசவ மரணத்துக்கு ஒதுக்குங்கள். குடும்ப நலப் பணியின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதற்கான பொருளை நாம் வெளியூரில் தேட வேண்டியதில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள், ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்ற வழக்கத்தால் உதவியின்றிப் பிரசவத்தில் இறந்துபோனதைக் கண்ட ஐடா ஸ்கடர், மருத்துவம் படித்துத் திரும்பி வந்து 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை 1918இல் நிறுவினார். அந்த மருத்துவமனையின் நூற்றாண்டையொட்டி 2000ஆம் ஆண்டில் வெளியான தலையும் முதல் நாள் உறையும் இந்தத் தாளுக்கு மிகவும் பொருந்தும். வேலூர் பற்றிய தலைகள் என்றால் 1984இல் கோட்டைகள் வரிசையில் வந்த வேலூர்க் கோட்டைத் தலையும், 1806 சிப்பாய்ப் புரட்சியின் இருநூறாம் ஆண்டை ஒட்டி 2006 ஜூலையில் வந்த தலையும் உங்களிடம் இருக்கலாம். ஊர்ப்பற்றின் பேரில் அவற்றையும் சேர்த்துவிடக் கூடாது. அவை அழகானவை, ஆனால் இந்தக் கதைக்கு வெளியே நிற்பவை.

மூன்றாவது, நான்காவது தாள்கள் தொண்டு நிறுவனங்களின் தோற்றத்தைச் சொல்ல வேண்டும். இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் 1949இல் பம்பாயில் உருவானது. அதன் முதல் தலைவர் தன்வந்தி ராமராவ், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். இராணி மேரி கல்லூரியில் பாடம் நடத்தியவர். தமிழ்நாட்டுப் பார்வையாளர்களுக்கு இந்தத் தகவலை ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும். அவரோடு சங்கத்தைக் கட்டியெழுப்பிய ஆவாபாய் வாடியா 1913இல் கொழும்பில் பிறந்த வழக்கறிஞர். 1952 நவம்பரில் பம்பாயில் கூடிய மூன்றாவது அனைத்துலகக் குடும்பக் கட்டுப்பாட்டு மாநாட்டில்தான் பன்னாட்டுக் குடும்ப நலச் சம்மேளனம் பிறந்தது. இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா, சுவீடன், நெதர்லாந்து, ஜெர்மனி, ஹாங்காங், சிங்கப்பூர் ஆகிய எட்டு இடங்களின் சங்கங்கள் அதைத் தொடங்கின. அமெரிக்காவில் குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத்தின் முன்னோடியான மார்கரெட் சாங்கரும் தன்வந்தி ராமராவும் அதன் கௌரவத் தலைவர்களாக இணைந்து பணியாற்றினர். உலகிலேயே முதலாவதாக அரசுத் திட்டமாகவே குடும்பக் கட்டுப்பாட்டை இந்தியா ஏற்றுக்கொண்டதும் அதே 1952இல்தான். அரசுக்கு மூன்றாண்டு முந்தியே சங்கம் களத்தில் இருந்தது என்பதை இந்தத் தாளில் எழுத மறக்காதீர்கள்.

இந்தத் தாள்களுக்கு ஒட்ட என்ன கிடைக்கும்? சங்கத்தின் பெயர் அச்சிட்ட அலுவலக உறைகள், எந்திர முத்திரை பதிந்த உறைகள், கிளைகளின் சுற்றறிக்கைகள் ஆகியவற்றைத் தேடுங்கள். அஞ்சல்தலை வியாபாரிகள் இவற்றைப் பெரிதாக மதிப்பதில்லை. ‘வணிக உறை’ என்று பெட்டியில் குவித்து வைத்திருப்பார்கள். அந்தக் குவியலை நிதானமாகப் புரட்டுபவருக்குத்தான் நல்ல பொருள் கிடைக்கும். 1952 நவம்பர் மாத பம்பாய் முத்திரை உள்ளது என்பதற்காக மட்டும் சம்பந்தமில்லாத உறையை வாங்கி ஒட்டுவது பலவீனமான சான்று. நடுவர்கள் அதை ஏற்பதில்லை, பார்வையாளருக்கும் அதனால் பயனில்லை.

ஜே.ஆர்.டி. டாட்டாவின் நினைவாக 1994இல் வந்த தலையைப் பலரும் விமானப் போக்குவரத்துத் தொகுப்பில் வைத்துவிடுகிறார்கள். அவர் 1970இல் குடும்பக் கட்டுப்பாட்டு அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கியவர். அதுவே இன்று இந்திய மக்கள்தொகை அறக்கட்டளையாக இயங்குகிறது. 1992இல் ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. பன்னாட்டுச் சம்மேளனம் அதே விருதை 1985இல் பெற்றிருந்தது. குறைந்த விலையில் எங்கும் கிடைக்கும் இந்தத் தலை, தொண்டு நிறுவனங்களைப் பற்றிய உங்கள் தாளுக்கு வலுவான துணை. நினைவுத்தலையை வைக்க வேண்டிய இடமும் இதற்கு அடுத்த தாள்தான். அதோடு முதல் நாள் உறையும், வெளியீட்டின்போது தரப்பட்ட தகவல் மடலும் கிடைத்தால் மூன்றையும் ஒரே தாளில் வையுங்கள். இந்தியத் தலையாக இருந்தால் எத்தனை தலைகள் அச்சிடப்பட்டன, எந்த முறையில், எந்த அச்சகத்தில் என்ற விவரங்கள் அந்த மடலிலேயே இருக்கும்.

ஐந்து காசுத் தலை

அரசின் பிரசாரத்தைச் சொல்லும் தாள்களில் நாயகன் 1967இல் நிரந்தரத் தலை வரிசையில் வந்த ஐந்து காசுத் தலைதான். செஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சிறு குடும்பத்தைக் காட்டும் இந்தத் தலை கோடிக்கணக்கான கடிதங்களில் பயணம் செய்தது. நினைவுத்தலைகள் சில மாதங்களில் தீர்ந்துவிடும். நிரந்தரத் தலையோ ஆண்டுக்கணக்கில் அஞ்சலகத்தில் கிடைக்கும். அதனால்தான் இந்தச் செய்தி ஆம்பூர் தோல் கிடங்கிலிருந்து குடியாத்தம் நெசவாளர் வீடு வரை போய்ச் சேர்ந்தது.

இந்தத் தலையை ஆராயும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கையால் தொடாமல் நுனி தட்டையான இடுக்கியால் எடுங்கள். விரலின் எண்ணெய்ப் பசை தாளில் படிந்து சில ஆண்டுகளில் பழுப்புக் கறையாக வெளிப்படும். பின்பக்கத்தை விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் தாளுக்குள்ளிருக்கும் நீர்க்குறி தெரியும். அச்சிட்ட காலத்தைப் பொறுத்து நீர்க்குறி மாறுவதால், ஒன்றுபோலத் தோன்றும் தலைகளை இதை வைத்தே பிரிக்க முடியும். பிறகு நான்கு பக்கப் பற்களையும் லென்ஸில் பாருங்கள். ஒரு மூலையில் ஒரு பல் குட்டையாக இருந்தால்கூட அதைத் தள்ளி வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். விலை மலிவான தலையில் குறையுள்ளதை ஏற்க எந்தக் காரணமும் இல்லை.

1971இல் இதே தலைக்கு இரண்டாவது வாழ்வு கிடைத்தது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குவிந்த அகதிகளுக்கு நிவாரண நிதி திரட்ட, அந்த ஆண்டு நவம்பர் 15 முதல் அஞ்சல் கட்டணத்தோடு கூடுதலாக ஐந்து காசு வசூலிக்கப்பட்டது. அதற்கெனத் தனித் தலை தயாராகும் வரை, குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின் மேலேயே ‘அகதிகள் நிவாரணம்’ என்ற பொருள்பட மேலச்சு செய்து பயன்படுத்தினார்கள். தனித் தலை டிசம்பர் முதல் தேதி வந்தது. அந்தக் கூடுதல் வசூல் 1973 மார்ச் இறுதியில் நின்றது. சில நகரங்களில் மேலச்சை உள்ளூரிலேயே, ரப்பர் முத்திரையைக் கொண்டும்கூடச் செய்தார்கள். சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடி அலைவதால் போலிகளும் மலிந்துவிட்டன. ஒரு ரப்பர் முத்திரை செய்ய இன்று எவருக்கும் முடியும். ஆகவே மேலச்சுத் தலையை உதிரியாக வாங்காதீர்கள். தேதி தெளிவாகத் தெரியும் முத்திரை தலையின் மீதும் உறையின் மீதும் சேர்ந்து விழுந்திருக்கும் முழுக் கடிதமாகவே வாங்குங்கள். தலையை உறையிலிருந்து பிரித்தெடுப்பது அதன் சாட்சியத்தை அழிப்பதாகும்.

இந்தப் பகுதியில் இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சேர்க்கலாம். 1966 இறுதியில் இந்தியா வெளியிட்ட குடும்பக் கட்டுப்பாட்டு நினைவுத்தலையும், 1972 மார்ச்சில் அமெரிக்கா வெளியிட்ட எட்டு சென்ட் தலையும் சேர்ந்து ஒரு தாளுக்குப் போதும். ஐக்கிய நாடுகள் 1974ஐ உலக மக்கள்தொகை ஆண்டாக அறிவித்தபோது பல நாடுகள் தலை வெளியிட்டன. அவற்றில் இரண்டு மூன்று போதும், வரிசை முழுவதையும் அடுக்க வேண்டாம். உள்நாட்டுக் கடிதங்களிலும் முத்திரைகளிலும் அச்சான பிரசார வாசகங்கள் இன்னும் மதிப்புள்ளவை. அவை வீட்டுக்குள்ளேயே வந்து பேசியவை.

நெருக்கடிக்காலத் தாள்

இந்தத் தாளை விட்டுவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். விடக் கூடாது. 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77 நிதியாண்டில் மட்டும் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் அதிகமானோருக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. குறிப்பாக வட மாநிலங்களில் கட்டாயமும் மிரட்டலும் நடந்தன. ஒதுக்கீடு நிறைவேற வேண்டும் என்ற அவசரத்தில் விருப்பம் கேட்கும் வழக்கமே தூக்கி எறியப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் கால் நூற்றாண்டாகக் கட்டிய நம்பிக்கை அந்த இரண்டு ஆண்டுகளில் சிதைந்தது. இதைச் சொல்லாத தொகுப்பு, விருப்பத்தின் அடிப்படையில் வேலை செய்தவர்களுக்கும் கட்டாயப்படுத்தியவர்களுக்கும் வேறுபாடு இல்லாதது போலக் காட்டிவிடும். திறந்த பிரிவில் அக்காலச் செய்தித்தாள் நறுக்கு ஒன்றை நடுவில் வைத்து, அந்த ஆண்டுகளில் புழங்கிய பிரசார வாசகம் பதிந்த உறை ஒன்றைக் கீழே வைத்தால் போதும். உரை நான்கு வரியைத் தாண்ட வேண்டாம்.

வட ஆற்காட்டு முத்திரைகள்

கடைசி நான்கைந்து தாள்களை நம் பகுதிக்கே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்க்காரர்களால் எளிதில் செய்ய முடியாதது இதுதான். பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டிகளிலும், பழைய பேப்பர் கடைகளிலும், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் நிறுவனங்களின் பழைய கோப்புகளிலும் கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. ராணுவப்பேட்டை என்றே அழைக்கப்படும் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு படைவீரர் இருந்ததால், குடும்பத்துக்கும் முகாமுக்கும் இடையே போய்வந்த கடிதங்களைப் பலர் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள். நவம்பர் 1971க்கும் மார்ச் 1973க்கும் இடைப்பட்ட தேதியுள்ள கடிதங்களை முதலில் பாருங்கள். நிவாரணத் தலை ஒட்டியவை அவற்றில்தான் இருக்கும்.

முத்திரையில் உள்ள மாவட்டப் பெயரும் எண்ணும் கடிதத்தின் காலத்தைக் கணிக்க உதவும். அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே எண் உள்ள முத்திரை அதற்குப் பிந்தையது. வட ஆற்காடு 1989 செப்டம்பரில் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டமும் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமுமாகப் பிரிந்தது. பின்னது பிறகு வேலூர் மாவட்டமாகி, 2019இல் மூன்றானது. ஆகவே ஆரணி, போளூர், செய்யாறு முத்திரைகளில் வட ஆற்காடு என்று கண்டால் வியக்க வேண்டாம். அவையும் உங்கள் தொகுப்புக்கு உரியவையே. பெயர் மாறிய பின்னும் பழைய முத்திரைக் கட்டை சில காலம் புழங்கியிருக்கக்கூடும் என்பதால், தேதி தெளிவாக இல்லாத உறையை மாவட்டப் பெயரை மட்டும் வைத்துக் கணிக்காதீர்கள்.

இந்தப் பகுதிக்கு நான் மிகவும் விரும்பிப் பரிந்துரைப்பது கே.வி.குப்பம் வட்டாரத்தில் உள்ள ரூசா வளாக அஞ்சலகத்தின் முத்திரை. கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1977இல் தொடங்கிய கிராம நலப் பிரிவின் பெயரையே அந்த அஞ்சலகம் தாங்கி நிற்கிறது. அதன் எண் 632209. தாய்சேய் நலமும் குடும்ப நலமும் அந்தப் பிரிவின் அன்றாட வேலைகளில் அடங்கும். அங்கே நேரில் சென்று, ஐந்து காசுக் குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையோடு அன்றைய கட்டணத்துக்குரிய புதிய தலைகளையும் ஒட்டிய உறையை உங்கள் முகவரிக்கே அனுப்பினால், நம் ஊரைத் தவிர வேறெங்கும் உருவாக முடியாத ஒரு பொருள் கிடைக்கும். முத்திரையைத் தெளிவாகக் குத்தும்படி அஞ்சலக ஊழியரிடம் பணிவாகக் கேளுங்கள். மை தோய்ந்த முதல் குத்தை வேறு தாளில் விடச் சொல்லி, இரண்டாவது குத்தை உறையில் வாங்குங்கள். வேலூர் மருத்துவமனை அஞ்சலகத்தின் 632004, பாகாயத்தின் 632002 ஆகிய எண்ணுள்ள முத்திரைகளையும் இதே தாளில் சேர்க்கலாம். இவை நீங்களே உருவாக்கியவை என்பதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

ஊர் ஊராக நடந்த நர்சம்மாக்களின் வேலைக்கு அஞ்சல்தலை இல்லை. அவர்கள் வைத்திருந்த துண்டறிக்கை, கூட்ட அறிவிப்பு, லூப் பற்றியும் காப்பர்-டி பற்றியும் விளக்கும் படத்தாள் ஆகியவை கிடைத்தால் ஒரு முழுத் தாளையே அவற்றுக்குக் கொடுங்கள். ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ‘அக்கா, உங்ககிட்ட பழைய நோட்டீஸ் ஏதாவது இருக்கா?’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 1.8 என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் பெண்கல்வியும் இவர்களது நடையும் இருக்கின்றன. அதை இந்தத் தாளில் எழுதுவது அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை.

ஆனால் ஒரு கண்டிப்பு வேண்டும். சிகிச்சை பெற்றவர்களின் பெயருள்ள அட்டை, பதிவேட்டுப் பக்கம், சான்றிதழ் எதையும் காட்சிக்கு வைக்கக் கூடாது. எவ்வளவு பழையதாக இருந்தாலும் வைக்கக் கூடாது. கடிதங்களை வைப்பதானால் குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உறையின் முகப்பை மட்டும் காட்டி, பெயரையும் கதவு எண்ணையும் மெல்லிய தாள் பட்டையால் மறைத்துவிடுங்கள். பட்டையைப் பாதுகாப்பு உறையின் மேல் வைக்க வேண்டும், கடிதத்தின் மேல் ஒட்டக் கூடாது.

குறிப்பு எழுதும் விதம்

பெரும்பாலான தொகுப்புகள் கெடுவது குறிப்பில்தான். ‘இத்தலை குடும்பக் கட்டுப்பாட்டின் முக்கியத்துவத்தை உணர்த்துகிறது’ என்று எழுதினால் பார்வையாளர் புதிதாக எதையும் அறிவதில்லை. தலையைப் பார்த்தாலே அது தெரிகிறது. மாறாக இப்படி எழுதலாம்: ‘1971 நவம்பர், குடியாத்தம். குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின் மேல் அகதிகள் நிவாரண மேலச்சு. கடிதக் கட்டணத்துக்கு மேல் கட்டாயமாக வசூலித்த ஐந்து காசு.’ எங்கே, எப்போது, ஏன் என்ற மூன்றும் இதில் வந்துவிட்டன. ஒவ்வொரு குறிப்பையும் எழுதி முடித்ததும், இந்தத் தாள் அரசைப் பற்றிச் சொல்கிறதா, சங்கத்தைப் பற்றிச் சொல்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் குறிப்பைத் திருத்துங்கள். பாதிக்கு மேற்பட்ட தாள்கள் அரசைப் பற்றியே இருந்தால் தாள்களையே மாற்றுங்கள். எழுத்து கறுப்பு மையில், ஒரே அளவில் இருக்கட்டும். அலங்காரக் கரைகளும் வண்ணப் பின்னணியும் தலையின் நிறத்தை விழுங்கிவிடும். நகல் ஏதேனும் ஒட்ட நேர்ந்தால், அசல் என்று எவரும் மயங்காதபடி அளவை நான்கில் ஒரு பங்காவது குறைத்தோ கூட்டியோ அச்சிட்டு, நகல் என்று எழுதிவிட வேண்டும்.

ஒட்டுவதும் காப்பதும்

பசை, செல்லோடேப், லேமினேஷன் மூன்றும் வேண்டவே வேண்டாம். நம் ஊரில் மதிப்புள்ள தாள் எதுவானாலும் உடனே லேமினேஷன் செய்துவிடும் வழக்கம் இருக்கிறது. அஞ்சல்தலைக்கு அது மரணம். பயன்படுத்தாத தலைகளை ஒளி ஊடுருவும் மவுண்ட்டில் செருகி, மவுண்ட்டைத் தாளில் பதியுங்கள். பயன்படுத்திய தலைகளுக்கு ஹிஞ்ச் எனப்படும் சிறு மடிப்புத் தாள் போதும். உறைகளுக்கு நான்கு மூலைகளிலும் தாள் மூலைப்பிடிகள் வையுங்கள். உதிரித் தலைகளை உறைத் துண்டிலிருந்து பிரிக்க வேண்டுமானால் சாதாரணத் தண்ணீரில் கால் மணிநேரம் மிதக்க விட்டு, தானாகக் கழன்ற பிறகு எடுத்து, வெள்ளை உறிஞ்சுதாளில் கவிழ்த்து உலர்த்துங்கள். செய்தித்தாளில் உலர்த்தினால் மை ஒட்டிக்கொள்ளும். சிவப்பு மையிட்ட தலைகளைத் தனியாக ஊறவையுங்கள்.

வேலூரின் அக்கினி வெயிலில் தாள் நொறுங்கும். ஐப்பசி மழையில் பசை ஈரம் இழுத்துப் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். ஓட்டு வீட்டுப் பரணிலும், வெயில் படும் சுவரை ஒட்டிய அலமாரியிலும் வைக்காமல், காற்றோட்டமுள்ள உள்ளறையில் ஆல்பத்தை நிமிர்த்தி வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் பக்கத்தில் இருக்கட்டும். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக் உறைகளைப் பாதிக்கும்.

புதிய தலை கேட்க விரும்பினால்

தொகுப்பைப் பார்த்த பின், நம் பகுதியில் உழைத்த ஓர் அமைப்புக்கும் தலை வெளிவர வேண்டும் என்ற ஆசை எழலாம். அதற்கு மூன்று வழிகள் உள்ளன. எளியது ‘மை ஸ்டாம்ப்’: 2011இல் அறிமுகமான இத்திட்டத்தில், நீங்கள் தரும் படத்தோடு பன்னிரண்டு தலைகள் கொண்ட தாளை அச்சிட்டுத் தருவார்கள். 300 ரூபாய் என்ற கட்டணம் பழக்கத்தில் உள்ளது. பணம் கட்டும் முன் அன்றைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டு விழாவுக்கு இது போதும், ஆனால் இதை அரசு வெளியிட்ட நினைவுத்தலை என்று எங்கும் எழுதாதீர்கள். அடுத்தது சிறப்பு உறை: அமைப்பின் பொன்விழா போன்ற நாளில் படத்துடன் கூடிய உறையும், அன்று ஒரு நாள் மட்டும் குத்தப்படும் சிறப்பு முத்திரையும் வெளியிடுமாறு அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளர் வழியாகத் தமிழ்நாடு அஞ்சல் வட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்ட அளவிலான அமைப்புக்கு இதுவே ஏற்றது, நடைமுறையில் சாத்தியமானதும் இதுதான்.

மூன்றாவது, நாடு முழுவதற்குமான நினைவுத்தலை. இதற்கான கோரிக்கைகளை அஞ்சல்துறையின் அஞ்சல்தலை ஆலோசனைக் குழு பரிசீலிக்கிறது. தேசிய முக்கியத்துவம் உடைய பொருளாக இருக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்களுக்குத் தலை வெளியிடும் வழக்கம் பொதுவாக இல்லை என்பதால், நிறுவனரின் முகத்தைவிட நிறுவனத்தின் பணியை முன்வைப்பது நல்லது. ஆண்டு விழாவுக்கு மிக முன்னதாகவே, உரிய படிவத்தில் அனுப்ப வேண்டும். தொடங்கிய ஆண்டுக்கான ஆவணச் சான்று, பதிவுச் சான்றிதழின் நகல், ஒரு பக்க அளவில் பணி விவரம், உரிமைச் சிக்கல் இல்லாத மூன்று நான்கு புகைப்படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். பணி விவரத்தில் எத்தனை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன என்ற கணக்கை மட்டும் முன்னிறுத்தாமல், ஆலோசனை எப்படி நடந்தது, விருப்பம் எப்படிக் கேட்கப்பட்டது, மறுத்தவர்களுக்கும் மருத்துவ உதவி கிடைத்ததா என்பதையும் எழுதுங்கள்.

வெளியாகும் புதிய தலைகள் தவறாமல் கிடைக்க, சென்னை அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்திலுள்ள அஞ்சல்தலை சேகரிப்பு மையத்தில் 200 ரூபாய் முன்பணம் செலுத்தி வைப்புக் கணக்குத் தொடங்கலாம். தலைகளை வீட்டுக்கே அனுப்புவார்கள். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பள்ளி அஞ்சல்தலை மன்றத்தில் சேர்த்து, ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் தீன தயாள் ஸ்பர்ஷ் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதற்குரிய செயல்திட்டத்துக்கு இந்தப் பதினாறு தாள்களில் ஏதேனும் ஒன்றின் பொருளையே பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம். வட ஆற்காட்டு முத்திரைகள் அவர்களே தேடிச் சேர்க்கக்கூடிய பொருள்.